ரசீதில் அச்சடித்த அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணம் நின்றுபோனதால் மண்டபத்துக்குக் கொடுத்த 60,000 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நான்கு மாதம் முன்னாலேயே சொல்லியும் பலனில்லையாம். அடுத்த வாரமே இன்னொருவர், 'ரசீதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், இனி எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் நடக்காது' என்று பதில் எழுதினார். இரண்டையும் படித்ததிலிருந்து எனக்குக் கை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த வரியை அச்சடித்த ஆட்களில் நானும் ஒருவன்.

குத்தாலத்தில் 31 வருடமாகச் சமையல் காண்டிராக்ட் எடுக்கிறேன். இலைக்கு இவ்வளவு என்று பேசி, சரக்கும் நம்முடையதே என்று ஒப்புக்கொண்டு செய்கிற வேலை. முதல் நான்கைந்து வருடம் ரசீதே கிடையாது. நாட்குறிப்பில் முகூர்த்தத் தேதிக்கு நேரே பெயரையும் தொகையையும் குறித்துக்கொள்வேன். 1998-ல்தான் மஞ்சள் தாளில் ரசீது புத்தகம் போட்டேன். கீழே என்ன போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டார். கையில் ஒரு மண்டபத்து ரசீது இருந்தது. அதில் இருந்ததையே போடச் சொன்னேன்: 'எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.' அவ்வளவுதான். எந்த வக்கீலும் எழுதிக் கொடுத்ததில்லை. 22 வருடம் அந்த வரியை நான் சட்டம் என்றே நம்பினேன். காட்டியவர்களும் நம்பினார்கள்.

2020 சித்திரை கடைசியில் ஒரு கல்யாணம். பெண்ணுடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 800 இலை, இலைக்கு 260 ரூபாய், மொத்தம் 2,08,000. தை மாதமே 50,000 கொடுத்துவிட்டார். மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. மண்டபமெல்லாம் பூட்டு. அவர்கள் வீட்டு வாசலிலேயே இருபது பேரை வைத்துத் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். வைகாசியில் ஒருநாள் முகக்கவசத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். நான் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். 'பார்த்தேங்க மாஸ்டர்' என்றார். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். போடாததுதான் தொந்தரவு ஆகிவிட்டது.

என் அக்கா மகன் மயிலாடுதுறையில் வக்கீல் தொழில் செய்கிறான். போனில் சும்மா கேட்பது போலக் கேட்டேன். 'மாமா, அந்த வரி உங்களக் காப்பாத்தாது' என்றான். எனக்குக் கோபம். 'கையெழுத்துப் போட்டிருக்காருடா!' என்றேன். 'அவர் கையெழுத்துப் போட்டது கல்யாணத்துக்குச் சமைக்கறதுக்கு. சமைக்கவே கூடாதுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. உங்க மேலயும் தப்பில்ல, அவர் மேலயும் தப்பில்ல. ஒப்பந்தமே செத்துப்போச்சு. செத்துப்போன ஒப்பந்தத்துல வாங்குன காச எந்தக் கணக்குல வெச்சுப்பீங்க?'

அடுத்த முறை வந்தபோது ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் அதுதான் நடக்கிறது. 56-வது பிரிவு, செய்யவே முடியாமல் போன காரியத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 65-வது பிரிவு, அப்படிச் செல்லாமல் போனால் வாங்கிய ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. என் வாயை அடைத்தது பிரிவு அல்ல, அதன் கீழே சட்டத்திலேயே கொடுத்திருக்கிற ஓர் உதாரணம். ஒருவர் கச்சேரியில் பாட ஒப்புக்கொண்டு 1,000 ரூபாய் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார். உடம்பு சரியில்லாமல் பாட முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் ஏற்பாட்டாளருக்கு வந்திருக்கும் லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பாட்டுக்காரருக்கு அப்படி என்றால் சமையல்காரனுக்கு மட்டும் வேறாக இருக்குமா?

மளிகைக்கு 12,000 முன்கூட்டிக் கொடுத்திருந்தேனே, அதைக் கழிக்கலாமா என்று கேட்டேன். அதற்குச் சட்டத்தில் நேராக ஒரு வரி கிடையாது, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கழிக்கத் தேவையே இல்லை. மளிகைக்கடைக்காரர் அந்தப் பணத்தை அடுத்த சரக்குக்கு வரவு வைத்துக்கொண்டார். காய்கறி வாங்கவில்லை, ஆள் அமர்த்தவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை. 50,000-ஐ இரண்டு தவணையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருடம் ஒரே தவணையில் கொடுக்கிற நிலையில் நான் இல்லை.

உடனே எல்லாக் கஷ்டத்துக்கும் 56-ஐ எடுத்துக்கொண்டு ஓட முடியாது. 2019 கடைசியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். பழைய விலையில் பேசிய ஒரு வேலைக்கு இலைக்கு 15 ரூபாய் கூட்டிக் கேட்டேன். பேசினது பேசினதுதான் என்றார் வீட்டுக்காரர். முனகிக்கொண்டே சமைத்துக் கொடுத்தேன். அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. பட்டாளத்துக்கு நெய் வாங்கிக் கொடுக்கிற ஒப்பந்தம் ஒன்று. நடுவில் உலகப்போர் வந்தது, செலவெல்லாம் ஏறிவிட்டது, கூடுதலாகக் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். 1960-ல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. எதிர்பாராமல் பாரம் கூடிவிட்டது என்பதற்காக ஒப்புக்கொண்டதிலிருந்து நழுவ முடியாதாம். நெய்க்கே அப்படி என்றால் என் வெங்காயம் எந்த மூலைக்கு?

'கையெழுத்துப் போட்டாயிற்றே' என்று எழுதிய வாசகரின் கட்சியையும் நான் ஒதுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் சட்டத்துக்கும் அஸ்திவாரம். சொல்லப்போனால் கையெழுத்துகூட வேண்டியதில்லை. வயதும் புத்தியும் சரியாக உள்ள இரண்டு பேர், யாரும் மிரட்டாமல் ஏமாற்றாமல், தப்பில்லாத ஒரு காரியத்துக்கு, ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று மனம் ஒப்பிப் பேசிக்கொண்டால் அது ஒப்பந்தம். அந்தப் 'பதிலுக்கு ஒன்று' என்பதைத்தான் பழைய பத்திரங்களில் பிரதிபிரயோஜனம் என்று எழுதுவார்கள், இப்போது மறுபயன் என்கிறார்கள். முத்திரைத்தாளில் எழுதாவிட்டால் செல்லாது என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். நிலம், வீடு வேறு விஷயம். நம் மாநிலத்தில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 2012 டிசம்பர் 1 முதல் விதி இருக்கிறது. மற்றபடி என் தொழிலில் முக்கால்வாசி போனில் பேசுவதுதான். அதுவும் செல்லும். மகாராஷ்டிரத்துக் காம்காவுக்கும் அகமதாபாத்துக்கும் இடையே பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வியாபாரத்தைப் போனில் முடித்துக்கொண்ட இரண்டு தரப்பு, ஒப்பந்தம் எந்த ஊரில் ஏற்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சம்மதம் காதில் விழுந்த ஊரில்தான் என்று 1965-ல் தீர்ப்பு. ஒப்பந்தமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள். வாய்ப்பேச்சுக்கு இருக்கிற ஒரே நோய், நாளைக்கு நிரூபிக்க முடியாதது. அதனால் போனை வைத்ததும் 'இத்தனை இலை, இன்ன தேதி, இன்ன விலை' என்று வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பிவிடுவேன். எதிரில் ஒரு கும்பிடு படம் வந்தாலும் எனக்கு அது தெம்புதான்.

பதிலுக்கு ஒன்றும் இல்லாத வாக்கு மட்டும் காற்றோடு போகும். ஒரு கல்யாணத்தில் தாய்மாமன் பந்தல் நடுவே நின்று, 'சாப்பாட்டுச் செலவு முழுக்க என்னுது' என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். மறுநாள் போனை எடுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் அந்த மாமன் மேல் வழக்குப் போட முடியாது, அது வெறும் ஆசை வார்த்தை. அதே மாமன் எனக்குப் போன் போட்டு, 'மாஸ்டர், நீங்க சமைங்க, பில்லை எனக்கு அனுப்புங்க' என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. அவர் கேட்டுத்தானே சமைத்தேன், சாப்பிட்டது யாராக இருந்தால் என்ன? இப்போதெல்லாம் பணம் தருவது யாரோ அவர் வாயிலிருந்தே ஆர்டரைக் கேட்டு வாங்குகிறேன்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அரசாங்கத் தடை எதுவும் இல்லாமல், ஒரு தரப்பே 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன? வாசகருடைய வழக்கு அதுதான். எனக்கும் 2023-ல் நடந்தது. 600 இலை, இலைக்கு 280, அட்வான்ஸ் 40,000. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் சம்பந்திகளுக்குள் பேச்சு முறிந்து கல்யாணம் நின்றது. பெண் வீட்டார் பணத்தைக் கேட்டார்கள். இந்த முறை நான் வரியைக் காட்டவில்லை. அக்கா மகன் சொல்லியிருந்தான்: 'வரியக் காட்டாதீங்க மாமா, கணக்கக் காட்டுங்க.'

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கும்பகோணம் மார்க்கெட்டில் 18,500 ரூபாய்க்குக் காய்கறி எடுத்தாகிவிட்டது. அதை அழுகவிட்டுவிட்டு முழுத் தொகையையும் கேட்க முடியாது. நஷ்டத்தைக் குறைக்க நம்மால் ஆனதைச் செய்தோமா என்பதையும் கோர்ட் பார்க்கும், 73-வது பிரிவின் விளக்கத்தில் அது இருக்கிறது. இரண்டு மெஸ்ஸுக்குத் தள்ளிவிட்டதில் 11,000 வந்தது, நஷ்டம் 7,500. வாழையிலைக்கட்டு 4,200, யாரும் வாங்கவில்லை. அண்டா குண்டான் ஏற்ற வண்டிக்குக் கொடுத்த 2,500 போயிற்று. 14 ஆளில் ஆறு பேருக்கு அன்றைக்கே வேறு வேலை பிடித்துக் கொடுத்தேன். மீதி எட்டுப் பேருக்குத் தலைக்கு 1,200 வீதம் 9,600 நான்தான் கொடுத்தேன், அந்தத் தேதிக்கு வந்த வேறு வேலையை என் வார்த்தையை நம்பி அவர்கள் விட்டிருந்தார்கள். ஆக 23,800. இதோடு எல்லாச் செலவும் போக அந்த வேலையில் எனக்கு நின்றிருக்கும் 20,000. லாபத்தையுமா கேட்பது என்று கூச்சப்பட்டேன். ஒப்பந்தம் நடந்திருந்தால் நான் எந்த இடத்தில் இருப்பேனோ அந்த இடத்தில் பணத்தால் என்னைக் கொண்டுபோய் வைப்பதுதான் நஷ்டஈடு, அதனால் கேட்கலாம் என்றான். மொத்தம் 43,800. அட்வான்ஸைவிட 3,800 கூட. தாளையும் பில்களையும் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். எட்டுப் பேர் பெயரையும் கேட்டார், சொன்னேன். மீதியை நானும் கேட்கவில்லை, கொடுத்ததை அவரும் கேட்கவில்லை. 2020-ல் அந்த வரி இருந்தும் பணம் எனக்குத் தங்கவில்லை, 2023-ல் அது இல்லாவிட்டாலும் தங்கியிருக்கும்.

நஷ்டம் என்றால் எல்லா நஷ்டமும் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு வருவதாக இருந்த ஒரு மில் முதலாளி என் சாப்பாட்டைச் சாப்பிட்டு ஆலை கேண்டீன் காண்டிராக்டைக் கொடுத்திருப்பார், அது போச்சே என்று கேட்க முடியாது. வழக்கமாக விளையக்கூடிய நஷ்டம், இல்லாவிட்டால் பேசும்போதே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்த நஷ்டம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ரசீதில் ஒரு தொகையைப் போட்டுவிட்டால்? அதற்குத்தான் 74-வது பிரிவு. இவ்வளவு தருகிறேன் என்றோ இவ்வளவு இழக்கிறேன் என்றோ எழுதியிருந்தால், அந்தத் தொகைதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமானது எதுவோ அதுதான் கிடைக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு உருளைக்கிழங்கு வழக்கு. உத்தரப்பிரதேசப் பகுதி ராணுவத் தலைமையகத்துக்கு உருளைக்கிழங்கு கொடுக்க ஒருவர் 10,000 ரூபாயும், கோழி, முட்டை, மீன் கொடுக்க 8,500 ரூபாயும் வைப்புத்தொகை கட்டியிருந்தார். ஒழுங்காகச் சரக்குக் கொடுக்கவில்லை என்று ஒப்பந்தத்தை முறித்து, 18,500-ஐயும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியும் இருந்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி: வெளியில் உருளைக்கிழங்கும் முட்டையும் என்ன விலைக்கு வாங்கினீர்கள், அந்தக் கணக்கு எங்கே? காட்டவில்லை. அரசாங்கத்தின் பக்கம் நிற்கவில்லை தீர்ப்பு. கணக்குக் காட்டியிருந்தால் கதை மாறியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

அப்படியானால் எந்தப் பணமுமே பறிபோகாதா என்றால், போகும். அதற்கு நம்மிடமே ஒரு நல்ல சொல் இருந்தது: அச்சாரம். மாடு பிடித்தால், வைக்கோல் பேசினால், என் தாத்தா ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கையில் வைப்பார். பேச்சை உறுதி செய்ய வைக்கிற பணம். பின்வாங்கினால் அது போயிற்று, அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. விலையில் ஒரு பகுதியாகக் கொடுக்கிற அட்வான்ஸ் வேறு. நாம் இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றிவிட்டோம். 1963-ல் டெல்லிச் சொத்து ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. விலை 1,12,500. வாங்குபவர் அச்சாரமாக 1,000-மும், பிறகு விலையில் சேர 24,000-மும் கொடுத்திருந்தார். வியாபாரம் முறிந்தது. 1,000-ஐ விற்றவர் வைத்துக்கொள்ளலாம், 24,000-ஐ அபராதமாகப் பிடிக்க முடியாது என்றார்கள்.

இவ்வளவு படித்தபிறகு என் ரசீதை மாற்றினேன். 'அச்சாரம் ரூ.5,000, ரத்து செய்தால் திரும்பாது. மீதி முன்பணத்தில், 30 நாளுக்கு முன் ரத்து செய்தால் பிடித்தம் இல்லை. அதற்குப் பின் என்றால் ஆன செலவும் நஷ்டமும் கணக்குக் காட்டிப் பிடிக்கப்படும். அரசுத் தடையால் நின்றால் முன்பணம் திரும்பும்.' கீழே ஒன்று சேர்த்தேன்: 'எங்கள் தவறால் சமைக்க முடியாமல் போனால், வேறு ஆளை வைத்து ஆகும் கூடுதல் செலவு எங்களுடையது.' இதைப் பார்த்து என் தொழிலில் இருக்கிற நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் இது எழுதினாலும் எழுதாவிட்டாலும் சட்டப்படி என் தலையில்தான் விழும். கோபத்தில் ஒருவர் என்னிடம், 'கோர்ட்டுல போட்டு உன்னயவே சமைக்க வைக்கறேன் பாரு' என்று கத்தியிருக்கிறார். அது நடக்காது. ஆளை நம்பிச் செய்கிற வேலையைக் கட்டாயப்படுத்திச் செய்யச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடாது, 1963-ம் வருடத்து குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் அதைத் தடுக்கிறது. வீடு, நிலம் என்றால் விற்க ஒப்புக்கொண்டவரை விற்கவே வைக்கலாம், 2018 திருத்தத்துக்குப் பிறகு அது இன்னும் வலுவாகியிருக்கிறது. என்னைக் கரண்டி பிடிக்க வைக்க முடியாது, என் பையிலிருந்துதான் எடுக்க முடியும். கட்டாயத்தில் வைத்த சாம்பாரை யார் சாப்பிடுவது என்று சட்டம் எழுதியவர்களும் யோசித்திருப்பார்கள்.

மண்டபத்தில் பணம் மாட்டிக்கொண்ட வாசகருக்கு: சிவில் கோர்ட் என்றால் மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு வருடம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். உங்களுக்கு எவ்வளவு நஷ்டம், கணக்கு அனுப்புங்கள் என்று மட்டும் கேளுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனை ஏலத்தில் ஒருவர் கட்டிய 78 லட்சத்தைப் பறிமுதல் செய்தது. ஏலத்தொகை 3.12 கோடி. அதே மனையைப் பிறகு 11.78 கோடிக்கு விற்றார்கள். நஷ்டம் எங்கே இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடு என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்கள் சொன்னது நான்கு மாதம் முன்னால். முகூர்த்த மாதத்தில் நல்ல மண்டபம் அவ்வளவு நாள் சும்மா கிடக்காது. அந்தத் தேதியில் அங்கே வேறு கல்யாணம் நடந்ததா என்று முதலில் விசாரியுங்கள். மண்டபத்து ஆபீஸில் கேட்காதீர்கள், வாசலில் வாழைமரம் கட்டுகிறவரைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சமையல் காண்டிராக்டர் ஒருவர்,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்.